குழு பிரிப்பதை எங்கள் கையில் விடாதீர்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி நான். செமஸ்டரின் மூன்றாம் வாரத்தில் எங்கள் வகுப்பில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மாணவர் விவகாரப் பிரிவுக்கு நான் எழுதிய புகாரின் நகல் உங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. "பரிசீலனையில் உள்ளது" என்று பதிலும் கிடைத்துவிட்டது. அதனால் முழுக்கதை வேண்டாம். அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் சொல்கிறேன்.

"ஐந்து பேர் ஒரு குழு, நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்" என்றார் விரிவுரையாளர். நாற்காலிகள் இழுபட்டன. மலாய்த் தோழிகள் முன்வரிசையில் கூடிவிட்டார்கள். சீன மாணவர்கள் எழுந்திருக்கக்கூட இல்லை, வாட்சாப்பிலேயே ஆள் சேர்த்து முடித்தார்கள். நடுவில் நின்றது மூன்று பேர்: நான், சபாவிலிருந்து வந்த கடசான் இனப் பெண், பங்களாதேஷ் மாணவர் ஒருவர். எங்கள் பெயரைக்கூடக் கேட்காமல், "சரி, நீங்கள் கும்புலான் லெபிஹான்" என்றார் விரிவுரையாளர். மிச்சக் குழு. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வகுப்பும் சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஐந்து பேர் வேலையை மூன்று பேர் செய்கிறோம். பரவாயில்லை. ஆனால் மின்கற்றல் தளத்தில் எங்கள் குழுவின் பெயர் இன்றுவரை 'லெபிஹான்'. அதை மாற்றும் உரிமை எங்களுக்கு இல்லை.

இது நடந்தது எந்தப் பாடத்தில் தெரியுமா? 'பெங்ஹயாத்தான் எத்திகா டான் பெராடாபான்'. அறநெறியும் நாகரிகமும் கற்பிக்க 2019-இல் மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு வந்த கட்டாயப் பாடம்!

என் வகுப்புத் தோழர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஆறு வருடம் நான் தமிழ்ப்பள்ளியில், அவர்கள் சீனப்பள்ளியிலும் தேசியப்பள்ளியிலும். ஏழு வயதில் தனித்தனியாக உட்கார்ந்தவர்களிடம் இருபது வயதில் "நீங்களே சேருங்கள்" என்றால், பழகின முகத்தைத் தேடித்தான் போவோம். வகுப்பில் இன்னும் நான்கு இந்திய மாணவர்கள் இருந்திருந்தால் நானும் அவர்களிடம்தான் ஓடியிருப்பேன்.

ஆகவே கேட்பது ஒன்றுதான். குழுவை விரிவுரையாளரே பிரிக்கட்டும். பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினால் போதும். ஒரு சென் செலவில்லை.

கலந்து நிறுத்தத் தெரியாது என்று நிர்வாகம் சொல்ல முடியாது. அறிமுகக் கையேட்டின் அட்டைக்குப் படம் எடுத்த அன்று மலாய் பாஜு கூரோங் ஒன்று, சீனச் சியோங்சாம் ஒன்று, சேலை ஒன்று என்று அவ்வளவு கச்சிதம். சேலைக்கு ஆள் தேடி விடுதிக்கே வந்து என்னைத்தான் அழைத்துப் போனார்கள். அன்று நான் மிச்சமில்லை. தீபாவளிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு வகுப்பில் படைப்பு (பிரசன்டேஷன்) வைப்பதையும், ஊரான சுங்கை பட்டாணிக்குப் போய்வர எனக்கு இரண்டு இரவு பஸ்ஸில் கழிவதையும் சொல்ல ஆரம்பித்தால்... வேண்டாம். எஸ்டிபிஎம்மா மெட்ரிக்குலேஷனா, யார் எந்த வழியில் பல்கலைக்கழகத்துக்கு வந்தார் என்ற பேச்சையும் எடுக்கவில்லை, எடுத்தால் இந்த மடல் முடியாது. வார்த்தை மிஞ்சியிருந்தால் மன்னியுங்கள்.

அடுத்த செமஸ்டர் தொடங்குமுன் எல்லாத் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: குழுவை விரிவுரையாளரே பிரிக்க வேண்டும். அதுவரை, தளத்தில் உள்ள அந்த ஒரு பெயரை மட்டும் யாரையாவது மாற்றச் சொல்லுங்கள், ஐயா. அதற்குப் பரிசீலனை தேவைப்படாது.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவி