கிணற்றை விட்டுவிட்ட வரைபடம்

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கடல்மலைகளை அளக்கும் கப்பலில் உனக்கு இடம் கிடைத்ததைப் படித்ததிலிருந்து, முப்பது ஆண்டுகள் சங்கிலி போட்டு நிலம் அளந்த எனக்கு, நீரின் மேல் நின்றுகொண்டு மலையை எப்படி அளப்பீர்கள் என்பதே யோசனையாக இருந்தது.

எங்கள் சங்கிலி 66 அடி; உங்களுக்கு ஒலியே சங்கிலி. கப்பலின் அடியிலிருந்து விசிறிபோல் விரியும் ஒலி தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கிறீர்கள். கடல்நீரில் அது நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடினாலும், வெப்பமும் உப்பும் அழுத்தமும் மாறும்போது வேகமும் மாறுவதால், அதையும் இடையிடையே அளந்து திருத்துகிறீர்கள். வெயிலில் சங்கிலி நீளும் என்று நாங்கள் திருத்தம் போட்டதைப் போலத்தான். ஆனால் ஒரு பாகை அகலமுள்ள ஒலிக்கற்றை 3,000 மீட்டர் ஆழத்தில் 50 மீட்டருக்குப் பரவிவிடுகிறது. நம் வீடும் தோட்டமும் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும்.

டேவிட்சன் கடல்மலையைப் பற்றி நீ அனுப்பிய தாள்களை அதனால்தான் இரண்டு முறை படித்தேன். 1933-இல் அளந்த மலை அது. அடியிலிருந்து 2,280 மீட்டர் உயர்ந்தும், உச்சி இன்னும் 1,250 மீட்டர் நீருக்கடியில்தான் இருக்கிறது. இத்தனை காலம் வரைபடத்தில் இருந்த அந்த மலையின் அருகே, 3,200 மீட்டர் ஆழத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்டோபஸ்கள் (நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்பார்களே, அதுதான்) முட்டைகளை அடைகாத்துக் கொண்டிருந்ததை, 2018-இல் 'ஹெர்குலிஸ்' என்ற ஆர்.ஓ.வி. (கப்பலில் இருந்தபடியே இயக்கும் ஆளில்லா நீர்மூழ்கி ஊர்தி) இறங்கிய பிறகே மனிதர்கள் பார்த்தார்கள். சுற்றிலும் 1.6 பாகை செல்சியஸ் குளிர் இருக்க, பாறை இடுக்குகளில் கசியும் வெதுவெதுப்பான நீரை அவை தேடி வந்திருக்கின்றன; அந்தச் சூட்டில் முட்டைகள் இரண்டு ஆண்டுகளுக்குள் பொரிந்துவிடுவதாகப் பின்னர் கண்டறிந்தார்கள். ஒலியைக் கொண்டு மட்டும் இதை எவராலும் வரைந்திருக்க முடியாது.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சீமைக்கருவேல் அடர்ந்த ஒரு மூலைக்குள் நுழையச் சோம்பி, பழைய புலப்படத்தில் இருந்ததை அப்படியே பெயர்த்து எழுதிவிட்டேன். சில மாதங்கள் கழித்து ஒரு பாட்டி அலுவலகத்துக்கு வந்து, "என் கிணற்றை எங்கே ஐயா தொலைத்தீர்கள்?" என்று கேட்டார். மறுநாள் முள்ளை வெட்டிக்கொண்டு உள்ளே போனேன்; கிணறு தண்ணீரோடு இருந்தது.

கப்பலின் ஆட்டம் ஹெர்குலிஸை உலுக்காதபடி, 'ஆர்கஸ்' என்ற இன்னொரு ஊர்தி இடையில் தொங்கி அதைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஊர்தியின் விளக்கு வெளிச்சம் எட்டுவதோ சில மீட்டர்கள்தான். ஆகவே ஒலியால் மட்டும் அறிந்த இடத்தையும் கண்ணால் பார்த்த இடத்தையும் நீங்கள் வெவ்வேறாகக் குறிப்பீர்களா, அல்லது எல்லாம் ஒரே நிறத்தில்தான் அச்சாகுமா என்பதை மறக்காமல் எழுது.

முட்டைகளை அடைகாக்கும் அந்தத் தாய்ப் பேய்க்கணவாய் அத்தனை நாளும் எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா