அளவெடுக்காமல் செய்து கொடுத்த பவர் கூலிங் கிளாஸ் குறித்த புகார்

அனுப்புநர்
வாடிக்கையாளர்,
தர்மபுரி.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

ஐயா,

வணக்கம். போன மாதம் தர்மபுரியில் உள்ள உங்கள் கிளையில், சைக்கிள் ஓட்டுவதற்கென்றே 7,800 ரூபாய் கொடுத்து பவர் கூலிங் கிளாஸ் வாங்கினேன். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 4.50, சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் பவர்) கிடையாது. ஞாயிறுதோறும் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய் வருகிறேன். அந்த ரோட்டில் வெயில் மட்டுமா, புழுதியும் கண்ணில் வந்து அடிக்கும் பூச்சியும் உண்டு. அதனால்தான் முகத்தைச் சுற்றி வளைந்த ஃபிரேம் கேட்டேன். கடையிலும் மறுக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள்.

முதல் நாளே கோளாறு தெரிந்தது. பக்கவாட்டில் தரை சரிந்தாற்போல் இருந்தது. வேகத்தடை எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்க முடியவில்லை. பென்னாகரம் தாண்டி மலையிறக்கத்தில் ஒரு வளைவு. பள்ளம் இன்னும் தள்ளி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரம் அதில் இறங்கிவிட்டது. அந்த நேரம் எதிரே பஸ் எதுவும் வராததால் உயிர் பிழைத்தேன். வீடு வரும்வரை தலைவலி. பழைய கண்ணாடியை மாட்டியதும் பார்வை சரியாகிவிட்டது.

கிளையில் போய்ச் சொன்னேன். "புதுசு அப்படித்தான் சார் இருக்கும், பத்து நாளில் பழகிடும்" என்றார்கள். நம்பிப் பதினைந்து நாள் போட்டுப் பார்த்தேன். பழகவில்லை.

அப்புறம்தான் வேறு ஒரு கண் பரிசோதகரிடம் காட்டினேன். பவர் எண் சரியாகவே இருக்கிறது, ஆனால் தட்டையான ஃபிரேமுக்குச் செய்கிற மாதிரி லென்ஸைத் தேய்த்து வளைந்த ஃபிரேமில் பொருத்தியிருக்கிறார்கள் என்றார். லென்ஸ் கண்ணுக்கு நேராக இல்லாமல் சாய்ந்து நின்றால் அதன் பவரே மாறிவிடுமாம். என் பவருக்கு 20 டிகிரி சாய்வு இருந்தால், எனக்கு இல்லாத சிலிண்டர் பவர் கிட்டத்தட்ட 0.60 அளவுக்குச் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டே காட்டினார். குறைந்த பவர்காரருக்கு இது பெரிதாகத் தெரியாது. என் போன்றவருக்கு ரோடே இடம் மாறித் தெரிகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஃபிரேமை முகத்தில் மாட்டிய பிறகு அதன் வளைவு, சாய்வு, இரண்டு கருவிழி நடுப்புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரம் எல்லாவற்றையும் அளந்து, அதற்கேற்பத் திருத்திய லென்ஸ் செய்யலாம். அல்லது வளைந்த கண்ணாடிக்கு உள்ளே பவர் லென்ஸைத் தனியாக மாட்டுகிற கிளிப் கொடுக்கலாம். உங்கள் கிளையில் பழைய சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டதோடு சரி. ஒரு ஸ்கேல்கூட என் முகத்தருகே வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போலரைஸ்டு லென்ஸ்தான் (எதிரொளிக்கும் கூசலைக் குறைக்கும் லென்ஸ்) நல்லது என்று வற்புறுத்தித் தலையில் கட்டினார்கள். காருக்கு அது சரியாக இருக்கலாம். அதைப் போட்டால் தார் ரோட்டில் சிந்திக் கிடக்கும் எண்ணெயின் பளபளப்பு மங்கி, வழுக்கும் இடம் தெரியாமல் போகிறது; சைக்கிளில் உள்ள மீட்டர் திரையும் சில கோணங்களில் கறுத்துப் போகிறது. சைக்கிளுக்கு என்று சொல்லித்தானே கேட்டேன்? இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா?

முறையாக அளவெடுத்து, எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில், போலரைஸ்டு இல்லாத பழுப்பு நிற லென்ஸாக மாற்றிக் கொடுங்கள். அது உங்களால் முடியாது என்றால் 7,800 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். கிளை ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: அதிக பவர் உள்ளவர் வளைந்த ஃபிரேம் கேட்டால் விற்பதற்கு முன்பே இதையெல்லாம் விளக்க வேண்டும். இந்தப் பக்கம் காலையில் சைக்கிளில் கிளம்பும் இளைஞர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் அந்த வளைவில் விழுந்துவிடக் கூடாது.

15 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், பவர் சீட்டு இரண்டின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தர்மபுரி.