அந்த ஆவணப்படத்துக்கு ஒரு வரி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பாதியில் நின்றுபோன படங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியவர், ‘லாஸ்ட் இன் லா மாஞ்சா’வை ஒரே வரியில் கடந்துவிட்டார், எனக்கு மனசு கேட்கவில்லை. இயக்குநர் டெர்ரி கில்லியம் பல வருடம் மனதில் சுமந்த, பழைய ஸ்பானிய நாவலின் நாயகன் டான் கிஹோத்தே பற்றிய படம் 2000-ல் ஸ்பெயினில் தொடங்கிச் சில நாட்களிலேயே கவிழ்ந்ததை, கூடவே இருந்து பதிவு செய்த ஆவணப்படம் அது, 2002-ல் வந்தது.

முதல் நாளே தலைக்கு மேல் போர் விமானங்கள் சீறுகின்றன, ஒலிப்பதிவு பாழ். மறுநாள் பேய்மழை, வெள்ளம் கருவிகளை இழுத்துக்கொண்டு போகிறது. அதைவிடக் கொடுமை, மழை விட்ட பிறகு அந்த வறண்ட நிலத்தின் நிறமே மாறிக் கிடப்பதுதான், முந்தைய நாள் எடுத்த காட்சியோடு இனி எதுவும் ஒட்டாது. அப்புறம் ஜான் ரோஷ்ஃபோர். கிஹோத்தே வேடத்துக்காக மாதக்கணக்கில் ஆங்கிலம் படித்த எழுபது வயது பிரெஞ்சு நடிகர், குதிரை மேல் உட்கார முடியாமல் வலியில் துடிக்கிறார், ஆட்கள் தாங்கித்தான் இறக்க வேண்டியிருக்கிறது. அவர் படப்பிடிப்பை விட்டுப் போனதும் பேச்சு முழுக்கப் படத்தின் இன்சூரன்ஸ் பக்கம் திரும்பிவிடுகிறது, எனக்கு நெஞ்சை அடைத்தது அந்த இடம்தான்.

கில்லியம் விடவில்லை, வேறு நடிகர்களை வைத்து 2018-ல் படத்தை முடித்தே விட்டார். சரி, ஆனாலும் சினிமா எடுக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டச் சொல்வது இந்த ஆவணப்படத்தைத்தான். இதற்கென்றே ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள்.

ஒரு வாசகர், ஈரோடு