நாவாய்ப்பூச்சியும் வெந்தய வரியனும்: ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் சட்டையில் ஏதோ நாற்றத்தோடு வருகிறார்கள் என்று இரண்டு அம்மாக்கள் வந்து கேட்டார்கள். காரணத்தை எல்லாருக்குமே சொல்லிவிடுகிறேன்.

அறிவியல் பாடத்துக்காகப் பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னால் கரட்டடியில் இரண்டு பூச்சிகளைப் பார்த்து வருகிறார்கள். ஒன்று எருக்கஞ்செடியில் முட்டையிடும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி. இன்னொன்று வேலியோர அவரைக்கொடியில் இருக்கும் பச்சை நாவாய்ப்பூச்சி. முதுகில் கேடயத்தைக் கவிழ்த்ததுபோல் இருக்கும், தொட்டால் நாறும். கொத்தமல்லித் தழையின் வாசனைக்கும் அந்த நாற்றத்துக்கும் உறவு உண்டு. இரண்டிலும் ஆல்டிஹைடு என்ற ஒரே வகை வேதிப்பொருள்தான். பயப்பட ஒன்றுமில்லை. கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வெந்தய வரியன் முட்டையை ஒவ்வொன்றாக வைக்கிறது. வெளிவரும் வரிப்புழு எருக்க இலையைக் கடித்துத் தின்கிறது. கூட்டுப்புழுவாகி இறக்கையோடு வந்தபின் அதே உயிர் சுருட்டி வைத்த குழலால் தேன் குடிக்கிறது. வாயே மாறிப்போகிறது! நாவாய்ப்பூச்சியின் முட்டைகளோ இலையடியில் குட்டிப் பீப்பாய்களை அடுக்கியதுபோல் நெருக்கமாக இருக்கும். குஞ்சு நிறத்தில் வேறு, உருவத்தில் தாயின் சாயல். இறக்கை மட்டும் இருக்காது. 5 முறை தோலுரித்த பிறகுதான் முழுப்பூச்சி. குஞ்சுக்கும் பெரியதுக்கும் ஒரே ஊசி வாய்.

லென்ஸை வைத்துக்கொண்டு நாவாய்ப்பூச்சிக் குஞ்சின் மேல் வெகுநேரம் குனிந்திருந்த ஒரு மாணவி, "இது புழுவாவே இருக்காதா டீச்சர்?" என்று கேட்டாள். புழுவாகி, கூட்டுப்புழுவாகி மாறுவது முழு உருமாற்றம், புழுவாகாமல் குஞ்சாகவே வளர்வது முழுமையற்ற உருமாற்றம் என்று புத்தகத்தில் இரண்டு வரியில் முடிகிற பாடத்தை அவள் தானே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு அன்று முழுவதும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

அவரை போட்டிருக்கிற உங்களுக்கு இந்தப் பூச்சி எதிரி என்று தெரியும். பிஞ்சில் சாற்றை உறிஞ்சினால் பருப்பு சுருங்கிப் போகும். அதை விட்டுவையுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இதே சாயலில், பயிரைத் தின்னும் புழுக்களைக் குத்தி உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும் உண்டு. மருந்தடிக்க முந்தின நாள் பிள்ளையைக் கொல்லைக்குக் கூட்டிப்போங்கள். பூச்சி ஊசியை எதில் வைத்திருக்கிறது, காயிலா புழுவிலா என்று பார்த்துச் சொல்வார்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை வளாகத்தைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள், பின்சுவர் ஓரம் சிவப்பு நாடா கட்டிய 4 எருக்கஞ்செடிகளை மட்டும் வெட்டாதீர்கள். அவற்றில் கூட்டுப்புழுக்கள் தொங்குகின்றன.

இப்படிக்கு,
தலைமையாசிரியை,
அரசு நடுநிலைப் பள்ளி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்