கேரவன் இழுக்கும் முன் எடை பாருங்கள்

ஐயா,

கம்பத்தில் இருந்து எழுதுகிறேன். போன வாரம் குமுளி மலைப்பாதையில் ஒரு கார், பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு வண்டியான கேரவனை இழுத்துக்கொண்டு இறங்கியது, கொண்டை ஊசி வளைவில் பிரேக் கருகிய வாடை என் ஜீப் வரை அடித்தது, கேரவனின் பின்பக்கம் ஆடி ஆடி எதிர்ப்பக்கத்துக்கே வந்துவிட்டது. லோயர் கேம்ப்பில் நிறுத்திக் கேட்டால், "காலி வண்டி 900 கிலோதான் அண்ணே" என்கிறார்.

காலி எடையை வைத்து என்ன செய்ய? 100 லிட்டர் தண்ணீர் ஏற்றினால் அதுவே 100 கிலோ, நிரம்பிய சமையல் சிலிண்டர் கிட்டத்தட்ட 30, அப்புறம் மெத்தை, பாத்திரம், துணி. எல்லாம் ஏற்றிய பிறகு எடை மேடையில் நிறுத்துங்கள். அந்த எடை காரின் கையேட்டில் உள்ள இழுவை வரம்பைத் தாண்டவே கூடாது. பிரிட்டனில், கையேட்டு வரம்பு அதிகமாக இருந்தாலும், காரின் காலி எடையில் 85 சதவீதத்துக்குள் கேரவன் இருக்கட்டும் என்று புதியவர்களுக்குச் சொல்கிறார்கள். 1,500 கிலோ காருக்கு 1,275.

பாரத்தைப் பின்னால் அடுக்காதீர்கள், அதுதான் வாலை ஆட்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்ன கியரில் வாருங்கள். மலையடிவாரச் சோதனைச் சாவடியில் இந்த வண்டிகளையும் எடை போட்டே மேலே அனுப்ப வேண்டும்.

- ஜீப் ஓட்டுநர், கம்பம்