மாஹிமில் ஒரு மெழுகு வீடு

ஆசிரியருக்கு,

‘ஆன்மிகம் போதும், மதம் எதற்கு?’ கட்டுரை படித்தேன். தாராவியில் எங்களுக்குப் பத்துக்குப் பத்து அறை. அம்மா செவ்வாய்தோறும் முருகனுக்கு விளக்கேற்றுவார். புதன்கிழமை மாஹிம் புனித மைக்கேல் தேவாலயத்தில் நடக்கும் நொவேனா ஜெபத்துக்கு நடந்தே போவார். வேண்டுதலுக்கு ஏற்றபடி காணிக்கை வைக்க, வெளியே கை, கால், குழந்தை, வீடு என்று மெழுகில் வார்த்து விற்பார்கள். அம்மா வாங்குவது எப்போதும் வீடுதான். வரிசையில் பொட்டு வைத்தவர்களும் நிறைய. மதம் மாறுவதா? வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. கோயிலும் சர்ச்சும் வேண்டாமென்றால் அம்மா எங்கே போய் நின்றிருப்பார்? சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்துக்கு ஒரே பதில்தான். அம்மா ‘இந்து’ என்றார். அப்புறம், கணக்கெடுக்க வந்தவருக்கு டீ போடப் போய்விட்டார்.

- ஒரு வாசகர், தாராவி, மும்பை