"உண்டு" என்றால் எப்போது?

அன்புள்ள ஜெபராஜ்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம், மழைதான் இன்னும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் நாலு வாரம் யோவான் சுவிசேஷம் எடுக்கப் போகிறாய், தலைப்பு நித்தியஜீவன். அறிவித்த உடனேயே ஒரு பையன், "அதெல்லாம் செத்த பிறகுதானே அங்கிள், இப்ப எதுக்கு?" என்று கேட்டுவிட்டான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே. நம் ஆட்கள் காதில் அந்த வார்த்தை அதிகமாக விழுவது அடக்க ஆராதனையில்தான். தெருமுனையில் ஒட்டுகிற இரங்கல் போஸ்டரிலும் "நித்திய இளைப்பாறுதல்" என்றுதான் போடுகிறோம். அவன் வேறென்ன நினைப்பான்?

என் யோசனை, 3:16-ல், அதாவது மூன்றாம் அதிகாரம் 16-ம் வசனத்தில், ஆரம்பிக்காதே. எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்டதால் யார் காதிலும் அது விழாது. இன்னொரு சிக்கல், நம் பழைய மொழிபெயர்ப்பு அங்கே "நித்தியஜீவனை அடையும்படிக்கு" என்கிறது. அடைவது என்றதும் பஸ் ஏறி ஊர் போய்ச் சேருகிற நினைப்பு வந்துவிடுகிறது. மூலமொழியான கிரேக்கத்தில் இருப்பது 'எகோ', கையில் வைத்திருப்பது என்கிற சாதாரண வினை. அதே வினையை அதே அதிகாரத்தின் 36-ம் வசனத்தில் "நித்தியஜீவனை உடையவனாயிருக்கிறான்" என்று அழகாகத் தமிழாக்கியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து 5:24. இதில் அவசரப்படாதே, முதல் வாரம் முழுவதும் இந்த ஒரு வசனத்துக்கே போனாலும் பரவாயில்லை. "என்னை அனுப்பினவரை விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் உண்டு." இந்த "உண்டு" இருக்கிறதே, தமிழில் இது காலம் காட்டாத சொல். "வீட்டில் அரிசி உண்டா" என்றால் இப்போது. "ஜெயித்தால் பரிசு உண்டு" என்றால் இனிமேல். நம் ஜனங்கள் இந்த வசனத்தைப் பரிசு உண்டு என்கிற மாதிரியே கேட்டுப் பழகிவிட்டார்கள். மூலத்தில் அது நிகழ்காலம். சந்தேகம் இருந்தால் அதே வசனத்தின் பின்பாதியே தீர்த்துவிடும்: "மரணத்தைவிட்டு நீங்கி, ஜீவனுக்குட்பட்டிருக்கிறான்." உட்படுவான் என்று இல்லை. குடிபெயர்ந்து முடிந்தது, இப்போது புது வீட்டில் இருக்கிறான் என்கிற அர்த்தம். பென்சில் கொடுத்து வினைச்சொற்களுக்கு மட்டும் கோடு போடச் சொல்லிப் பார். நீ விளக்குவதைவிட அவர்களே கண்டுபிடித்தால் ஒட்டும்.

இரண்டாம் வாரம் 17-ம் அதிகாரம். மொத்தம் 26 வசனம், நிதானமாகச் சத்தமாக வாசித்தாலே ஐந்து நிமிஷம்தான். 3-ம் வசனத்தில் நின்றுவிடு. "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்." அறிந்தால் கிடைக்கும் என்று இல்லை, அறிவதே அது என்கிறார் இயேசு. அந்த வினையும் தொடர்ந்து நடப்பதைக் காட்டுகிற வடிவத்தில் இருக்கிறது, அறிந்துகொண்டே இருப்பது. இந்தச் சுவிசேஷத்தில் 'அறிவு', 'விசுவாசம்' என்கிற பெயர்ச்சொற்களே கிரேக்கத்தில் வருவதில்லை. அறிகிறது, விசுவாசிக்கிறது என்று எப்போதும் வினைதான். மூட்டை கட்டிப் பரணில் போட முடியாத மாதிரி யோவான் எழுதிவைத்திருக்கிறார்.

அறிவது என்றால் விஷயம் தெரிந்திருப்பது என்று படித்த பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். ஆதியாகமம் 4:1-ஐக் காட்டு, ஆதாம் ஏவாளை "அறிந்தான்", அவள் கர்ப்பவதியானாள். எபிரெயர் காதில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு நெருக்கம்.

திருவிவிலியம் என்கிற இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பு கைவசம் உள்ளவர்களைக் கொண்டுவரச் சொல். அதில் "நிலைவாழ்வு" என்று இருக்கும், நல்ல சொல். ஆனாலும் நித்தியம் என்ற பழைய சொல்லை விட எனக்கு மனசில்லை. நித்தம் என்றால் தினமும்தானே? நித்தியகல்யாணி வருஷம் முழுக்கப் பூப்பதால் அந்தப் பேர். முடிவில்லாததும் அன்றாடமும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதை விளக்கமாகச் சொல், ஆதாரமாகச் சொல்லாதே. நித்தியம் என்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற 'ஐயோனியோஸ்' யுகத்தோடு சம்பந்தப்பட்டது, வரப்போகும் யுகத்துக்குரிய ஜீவன் என்ற யூத நம்பிக்கையிலிருந்து வருவது. அந்த யுகத்தின் ஜீவன் இப்போதே உள்ளே வந்துவிட்டது என்பதுதான் யோவானின் செய்தி.

சரி, தினசரி எப்படி என்று கேட்பார்கள். இங்கேதான் பெரும்பாலும் சறுக்கும். பைபிளை ஒரு வருஷத்தில் முடிக்கத் திட்டம் போட்டுக் கொடுப்போம். 1,189 அதிகாரம், நாளைக்கு மூன்று அல்லது நாலு. நல்ல பழக்கம்தான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் பத்து நாள் விட்டுப்போனால் முப்பது அதிகாரத்துக்கு மேல் பாக்கி விழும். அப்புறம் கடன் அடைக்கிற வாசிப்பு, பிறகு குற்றவுணர்வு, பிறகு நிறுத்தம். முடித்தவனுக்கு வேறு ஆபத்து. 5:39, 40-ல் இயேசு சொல்வதை அவனுக்குக் காட்டு: வேதவாக்கியங்களால் நித்தியஜீவன் உண்டென்று எண்ணுகிறீர்கள், ஆனால் என்னிடத்தில் வர உங்களுக்கு மனதில்லை. "ஆராய்ந்துபாருங்கள்" என்று நாம் கட்டளையாக மேற்கோள் காட்டுகிற வசனம் அதுதான். திருவிவிலியத்தில் அது கட்டளை இல்லை, "பார்க்கிறீர்களே" என்று குறைசொல்லும் தொனி. கிரேக்கம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும், ஆனால் அடுத்த வசனத்தோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டாவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

அதற்குப் பதில் 23-ம் சங்கீதத்தை வைத்து ஒரு பயிற்சி கொடு. முதல் மூன்று வசனம் "அவர்". அவர் மேய்க்கிறார், நடத்துகிறார், எல்லாம் தேவனைப் பற்றிய பேச்சு. நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று திரும்புகிறது. பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் நேரே பேசுகிறான். எந்தப் பகுதியை வாசித்தாலும் இதையே செய்யச் சொல். ஐந்தாறு வசனம் போதும். இரண்டு தரம் சத்தமாக வாசித்து, "அவர்" வருகிற ஒரு வரியை எடுத்து "நீர்" என்று மாற்றிச் சொல்லி, ஒரு நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். விண்ணப்பப் பட்டியல் அதற்குப் பிறகு. பட்டியலை முதலில் எடுத்தால் அதுவே நேரத்தை விழுங்கிவிடும்.

"எனக்கு ஒண்ணும் தோணலையே, அப்ப என்கிட்ட நித்தியஜீவன் இல்லையா?" என்று ஒருவராவது கேட்பார். உணர்ச்சியைத் தராசாக்கினால் இப்படித்தான் ஆகும். 88-ம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, விடிவே இல்லை. ஆனாலும் கடைசி வரி வரை அவன் தேவனோடுதான் பேசுகிறான். யோவானுடைய தராசு வேறே. தன் முதல் நிருபம், அதாவது கடிதம், 3:14-ல் 5:24-ன் அதே வினையை எடுத்து, சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால் ஜீவனுக்குட்பட்டிருக்கிறோமென்று அறிந்திருக்கிறோம் என்கிறார். கூட்டத்தில் யாரோடு யார் பேசுவதில்லை என்பது உனக்கே தெரியும், அதனால் இதைப் பொதுவாகவே சொல்லி விட்டுவிடு.

எதிர்ப்பக்கம் விழாமலும் பார்த்துக்கொள். எல்லாம் இப்போதே என்று ஒரேயடியாகச் சாய்ந்தால் உயிர்த்தெழுதல் காணாமல் போகும். இமெநேயுவும் பிலேத்துவும் உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்று சொல்லிச் சிலருடைய விசுவாசத்தைக் கவிழ்த்ததை 2 தீமோத்தேயு 2:17, 18 சொல்கிறது. யோவான் 6:40 இரண்டையும் ஒரே மூச்சில் வைக்கிறது, நித்தியஜீவனும் உண்டு, கடைசிநாளில் எழுப்புவதும் உண்டு. நாலாம் வாரத்துக்கு அது போதும்.

கடைசியாக, போன மாசம் வீட்டுக்காரரைப் பறிகொடுத்த பெரியம்மா வருகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, "அவரு இப்ப எங்க இருப்பாரு" என்று கேட்டவர்கள். அவர்களிடம் வினைச்சொல், நிகழ்காலம் எதுவும் பேசாதே. மூன்றாம் வாரம் 11-ம் அதிகாரத்தை அவர்களையே வாசிக்கச் சொல். சகோதரன் லாசருவைப் பறிகொடுத்த மார்த்தாள், அவன் "கடைசிநாளிலே" எழுந்திருப்பான் என்கிறாள், இயேசு உயிர்த்தெழுதலும் ஜீவனும் "நானே" என்கிறார். அங்கே நிறுத்தி நீ பிரசங்கம் தொடங்கிவிடாதே. இன்னும் பத்து வசனம் போனால் 35. நானே ஜீவன் என்று சொன்னவர் கல்லறைக்குப் போகிற வழியில் அழுகிறார். அதுவரை அவர்கள் வாசித்துமுடிக்கட்டும்.

முதல் வாரம் முடிந்ததும் எழுது. அந்தப் பையன் அடுத்து என்ன கேட்டான் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அன்பு,
சாமுவேல்